கட்டம் போட்ட கண்ணாடியும் கரையான்சாவடி கொத்தனாரும்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர் வந்து கதவைத் தட்டினார். வங்கி அதிகாரி. அம்பத்தூரில் வீடு. ரிட்டயராக இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறதாம். அதற்குள் ஒரு பொழுதுபோக்கைக் கற்றுக்கொண்டுவிடத் தீர்மானித்து, ஒரு பழைய மேனுவல் கேமராவை வாங்கியிருக்கிறார். கையில் கேமரா. சட்டைப் பையில் நான்காக மடித்த ஒரு கேட்டலாக்.

"நீங்க கேமரா பைத்தியம்னு உங்க பத்திரிகைப் பக்கத்துல எழுதியிருக்கீங்களே சார்... ஒரு சந்தேகம்" என்றார்.

பைத்தியம் என்று நான் எழுதவில்லை. ஆர்வலர் என்றுதான் எழுதினேன். இருக்கட்டும்.

கேட்டலாக்கை விரித்தார். வியூஃபைண்டருக்குள் இருக்கும் ஃபோகஸிங் ஸ்க்ரீனைக் கழற்றிவிட்டு வேறொன்று போடலாமாம். எட்டு வகைக்குப் படம் போட்டிருந்தது. எதைப் போட்டால் நல்லது?

சமையலறையிலிருந்து என் மனைவி சரோஜா சிரிக்கும் சத்தம் கேட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டும் அடங்காமல் வெளியே வருகிற சிரிப்பு. தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்து, வந்தவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "கேமராவோட எது வந்துதோ அதையே வச்சுக்கோங்க சார்" என்று சொல்லி அனுப்பிவைத்தேன். திருப்தியில்லாமல்தான் போனார். காரணத்தையும் சொல்லியிருக்க வேண்டும். நேரில் சொல்ல வெட்கமாக இருந்தது. எழுதுவதில் எனக்கு அவ்வளவு வெட்கம் கிடையாது.

கேமரா பிடித்துப் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு நிமிடம். ஸ்க்ரீன் என்பது பெரிய விஷயமில்லை. லென்ஸ் வழியாக வரும் காட்சி உள்ளே போய் விழுகிற ஒரு சொரசொரப்பான தகடு. தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிசு. சாதாரணமாக அதன் நடுவில் ஒரு வட்டம் இருக்கும். ஃபோகஸ் சரியில்லாவிட்டால் அந்த வட்டத்துக்குள் ஆள் இரண்டு துண்டாகத் தெரிவார் — மூக்குக்கு மேலே ஒருவர், மூக்குக்குக் கீழே இன்னொருவர். லென்ஸைத் திருகித் திருகி இருவரையும் ஒட்டவைக்க வேண்டும். ஒட்டினால் க்ளிக். கல்யாண மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் வட்டத்தில் பாதி கறுத்துப்போகும் என்பதைத் தவிர அதன்மேல் குறை சொல்ல முடியாது. இன்னொரு வகையில் நடுவில் பொடிப் பொடியாக மினுமினுக்கும். இன்னொன்றில் ஒன்றுமே கிடையாது, வெறும் வெள்ளை. அப்புறம் ஒன்று... கட்டம் போட்டது. கணக்கு நோட்டு மாதிரி குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். கட்டடங்களைக் கோணாமல் எடுப்பதற்காக.

என் சனி அந்தக் கட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தது.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. ஆவடிப் பக்கம் ஒரு ஃபேக்டரியில் இன்ஸ்பெக்ஷன் செக்ஷனில் இருந்தேன். அடுத்தவன் செய்த வேலையில் நாள் முழுக்கத் தப்புக் கண்டுபிடிப்பதற்கு எனக்குச் சம்பளம். இந்த உத்தியோகத்தில் பத்து வருஷம் இருந்தவனை எந்த வீட்டிலும் விருந்துக்குக் கூப்பிடக் கூடாது. சாம்பார் கிண்ணத்தைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான்.

அந்த வருஷம் கட்டம் போட்ட ஸ்க்ரீன் ஒன்று கைக்குக் கிடைத்தது. விற்றவர் நேர்மையானவர். "இது வேற மாடலுக்கு உண்டானது சார், உங்க கேமராவுல உக்காராது" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். உட்காராவிட்டால்? உட்கார வைப்போம். மெல்லிய அரம் ஒன்றை எடுத்து, குவார்ட்டர்ஸ் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து, ஓரத்தை ஒரு மாலை முழுக்க ராவினேன். தூசி ஊதிப் போட்டுப் பார்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. ஃபேக்டரியில் யார் எதை ராவினாலும் என் மேஜைக்கு வந்து, நான் அளந்து, முத்திரை குத்தினால்தான் வெளியே போகும். நான் ராவியதை யார் அளப்பது? இந்தக் கேள்வி அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

கட்டத்தின் வழியாகப் பார்க்க ஆரம்பித்த பிறகு உலகமே மாறிவிட்டது. ஒரு காலண்டர் நேராகத் தொங்கவில்லை. ஒரு ஜன்னல் ஒழுங்காக இல்லை. மைத்துனன் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் இடது தோளைக் கொஞ்சம் இறக்கச் சொல்லிச் சொல்லி, பாவம், அவன் தாலி கட்டும்போதும் தோளை இறக்கிக்கொண்டேதான் கட்டினான்.

அப்போதுதான் திருமுல்லைவாயிலில் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். எனக்கும் எங்கள் செக்ஷன் துரைசாமிக்கும் பக்கத்துப் பக்கத்து மனை. முதலில் நான் கட்டுவது, கொத்தனார் வேலை பிடித்திருந்தால் அதே ஆளை வைத்து அவர் கட்டுவது என்று பேச்சு. துரைசாமி கோயம்புத்தூர்க்காரர். எதையும் பக்கத்து வீட்டில் சோதித்துப் பார்த்த பிறகே வாங்குவார்.

கொத்தனார் பெயர் ஏழுமலை. கரையான்சாவடி. நாற்பது வயதிருக்கும். அவருடைய அப்பா பூந்தமல்லிப் பக்கத்து வயல்களில் கூலி வேலை செய்தவர். வயல்கள் மனைகளானபோது மகன் கரண்டியைப் பிடித்துவிட்டார். அதிகம் பேசமாட்டார். சரோஜா பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் டீயும் போண்டாவும் கொண்டுபோய்க் கொடுப்பாள். அதைச் சாப்பிடும்போது மட்டும், "உப்பு கம்மி கீதும்மா" என்ற அளவில் ஒரு கருத்து வரும். துரைசாமி வீடும் அவருக்குத்தான் என்பதால், மகளின் கல்யாணத்தை அடுத்த வருஷம் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார். இதையும் சரோஜாவிடம்தான் சொல்லியிருக்கிறார்.

ஹாலின் கிழக்குச் சுவர் ஒன்பது அடிக்கு எழும்பி நின்ற ஒரு சனிக்கிழமை. இன்ஸ்பெக்டர் சும்மா இருப்பானா? ஒரு ஸ்டூலைப் போட்டேன். அதன்மேல் ஒரு பலகை. ஏழுமலையின் ரசமட்டத்தையே வாங்கிப் பலகையில் வைத்து, அடியில் காகிதம் மடித்துச் செருகி, குமிழி நட்டநடுவில் நிற்கும்வரை சரிசெய்தேன். பக்கத்தில் கேமராவை உட்காரவைத்துக் கண்ணை வைத்தேன்.

சுவர் சாய்ந்திருந்தது. வலது பக்கமாக. ஒன்பது அடியில் ஒன்றரை இஞ்ச் இருக்கும்.

எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் கோபத்தைவிட ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள்... தப்புக் கண்டுபிடித்த சந்தோஷம். அது எங்கள் செக்ஷன்காரர்களுக்கே உரியது. சாட்சிக்கு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, "ஏழுமலை, இங்க வாப்பா" என்றேன்.

அவர் தூக்குக்குண்டைக் கொண்டுவந்து சுவரோரம் தொங்கவிட்டார். நூலுக்கும் சுவருக்கும் மேலிருந்து கீழ்வரை ஒரே இடைவெளி. "நேரா தான் சார் கீது" என்றார்.

"உன் குண்டு எந்த ஊர்ல வாங்கினது? இது ஜப்பான் கண்ணாடிப்பா" என்றேன்.

இந்த வாக்கியத்தை இன்றைக்கு எழுதும்போது காது சுடுகிறது. அன்றைக்குச் சுடவில்லை. அவரையே கேமராவில் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். சுவரைப் பார்த்தார், கேமராவை மெதுவாகத் திருப்பி எதிர்ப்பக்கமும் பார்த்தார். நிமிர்ந்தார். இரண்டு சித்தாள்களும், மண் சலித்துக்கொண்டிருந்தவரும், துரைசாமியும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இப்ப இன்னா செய்யணும் சார்?"

"இடிச்சிட்டுத் திருப்பிக் கட்டணும். இந்தக் கட்டத்துக்குச் சரியா வரணும்."

தூக்குக்குண்டின் நூலைச் சுற்றி எடுத்துக்கொண்டார். "திங்கக்கெயம சாயங்காலம் வா சார். சரியா இருக்கும்" என்றார்.

திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்து கேமராவோடு நேராக மனைக்குத்தான் போனேன். சுவர் ஈரமாக, புதுச் சாந்து பூசிய இணைப்புகளோடு நின்றது. ஸ்டூல், பலகை எல்லாம் தயார். "இரு சார், மொதல்ல நான் ஒரு வாட்டி பாத்துக்கறேன்" என்று கேமராவை வாங்கி வைத்து, காகிதத்தைச் செருகி உருவி, மட்டத்தை வைத்து ஐந்து நிமிஷம் ஏதேதோ செய்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார். குமிழி நடுவில் நின்றது. கட்டத்தின் கோட்டில் சுவரின் விளிம்பு ஒட்டவைத்த மாதிரி நின்றது.

"பாத்தியா? இப்ப நேரா இருக்கு" என்றேன். இதற்கும் சாட்சிக்கு ஒரு போட்டோ.

வீட்டுக்கு வந்ததும் சரோஜா சொன்னாள்: "ஏழுமலை இன்னைக்கு டீயும் குடிக்கல, போண்டாவும் தொடல. கொண்டுபோனதை அப்படியே திருப்பி அனுப்பிட்டாரு."

எனக்கு அதைவிட வேறு சாட்சி வேண்டுமா? மறுநாள் கேண்டீனில் துரைசாமியிடம் சொன்னேன். "தப்பு பண்ணினவன் தொண்டையில டீ எப்படிங்க இறங்கும்? அவனே ஒத்துக்கிட்டான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை." துரைசாமி தட்டில் இருந்த வடையைப் பார்த்தபடி யோசித்தார். "அப்ப நான் வேற ஆளப் பாத்துக்கறேனுங்க" என்றார். நான் தலையை ஆட்டினேன். அந்த ஆட்டலில் ஒரு மனிதனுடைய அடுத்த வருஷம் போய்விட்டது. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

அந்தக் காலத்தில் ஒரு ரோல் ஃபிலிம் என்பது ஒரு குடும்பத்தின் அரை வருஷம் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். ஆயுதபூஜைக்கு ஃபேக்டரியில் மெஷினுக்கு மாலை போட்டதில் ஆரம்பித்து, மெரினா, மைத்துனன் கல்யாணம், கோயில், சுவர் என்று போய், பொங்கல் பானையில் வந்துதான் முப்பத்தாறு முடிந்தது. அதற்குள் வீட்டுக்குக் கூரை போட்டு, ஏழுமலையின் வேலையும் முடிந்துவிட்டது. பிரிண்ட் வாங்க அம்பத்தூர் ஸ்டூடியோவுக்குப் போனேன். கவரை நீட்டிய ஸ்டூடியோக்காரர், "தப்பா நெனைக்காதீங்க சார், ஒத்தக் கால்ல நின்னு எடுத்தீங்களா?" என்று கேட்டார்.

கவரைப் பிரித்தேன். வங்காள விரிகுடா எண்ணூர்ப் பக்கமாகச் சரிந்திருந்தது. கோபுரம் இடது பக்கம் சாய்ந்திருந்தது. மாப்பிள்ளை, மணப்பெண், பொங்கல் பானை, அத்தனையும் இடது பக்கம். முப்பத்தாறில் ஒரே ஒரு படம்தான் அட்சரசுத்தமாக நேராக இருந்தது. சுவர் கோணல் என்று சாட்சிக்கு எடுத்தேனே... அந்தப் படம்.

இடிப்பதற்கு முந்தைய சுவர், நேர். இடித்துக் கட்டிய சுவர், சாய்வு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஸ்டூடியோ வாசலிலேயே கேமரா லென்ஸைக் கழற்றி உள்ளே பார்த்தேன். ஸ்க்ரீனின் ஓரத்தில் ஒரு முனையில் நூலளவு இடைவெளி, இன்னொரு முனையில் நகத்தளவு. ஒரு பக்கத்தை அதிகமாக ராவியிருக்கிறேன்.

நல்ல சுவரை இடிக்கச் சொல்லி, சாய்ந்த சுவரைக் கட்டவைத்து, அதன்மேல் கூரையையும் ஏற்றியிருக்கிறேன். அதன் கீழே குடியிருக்கப்போவது என் மனைவியும் இரண்டு குழந்தைகளும். வீட்டுக்கு ஓடி சரோஜாவிடம் படங்களைக் காட்டினேன். அவள் பதறவில்லை. "போய் ஏழுமலையைக் கேளுங்க" என்றாள், அவ்வளவுதான்.

கரையான்சாவடி மெயின் ரோட்டில் ஒரு சின்னக் கடைக்கு ஷட்டர் வைக்கும் வேலையில் இருந்தார். வீடு கட்டுகிற வேலை அந்தச் சமயம் கையில் இல்லை. நான் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். நான் ராவியதில்தான் கோணல், உன் சுவரில் இல்லை, என் பேச்சைக் கேட்டு நீ கட்டிய சுவர் இப்போது சாய்ந்து நிற்கிறது, என்ன செய்வது...

"உன் செவுரு நேரா தான் கீது சார்" என்றார் ஏழுமலை.

"போட்டோவைப் பாருப்பா."

"போட்டோ கெடக்குது. நான் ஒரு கல்லக்கூட நவுத்தல. தண்ணிய ஊத்தி, சந்துல புதுசா சாந்த தடவினு, நாள் பூரா அந்த வேப்பமரத்தாண்ட குந்தினு இருந்தோம். வேல செய்யாத ஊட்டு டீய எப்டி குடிக்கிறது? அதான் வேணான்னேன்."

"அப்ப கட்டத்துல சரியா வந்துதே?"

"மட்டத்துக்கு அடியில ஒரு முனையில தீக்குச்சி வெச்சேன். குமிழி நடுவுல நின்னுச்சி, உன் பொட்டி சாஞ்சிக்கினு நின்னுச்சி. மொதநாளே பாத்தேனே. செவுரு மட்டுமா சாஞ்சி கீது? எதுர்ல ஈபி கம்பம், தண்ணி டேங்க்கு, எல்லாம் அதே பக்கம். ஊரே சாயுமா சார்?"

"என்கிட்ட சண்டை போட்டிருக்கலாமே ஏழுமலை."

"போட்டா இன்னா ஆவும்? வேற ஒருத்தன கூட்டினு வருவ. அவன் உன் பேச்ச கேட்டுகினு நெஜமாவே இட்சிட்டு சாச்சி கட்டுவான். அப்பால அந்தம்மா மேலயும் புள்ளைங்க மேலயும் வுழும். அந்தம்மாவுக்கு தெரியும், டீ எத்தினு வந்தப்போ பாத்துச்சே. நான்தான் சொல்லாதன்னேன்."

நடுரோட்டில், லாரிகள் போய்க்கொண்டிருக்க, எனக்கு அழுகை வந்துவிட்டது. பத்து வருஷம் முத்திரை குத்திய கை. ஒரு நல்ல வேலைக்காரன்மேல் தப்பான முத்திரையைக் குத்திவிட்டதே என்று இருந்தது. துரைசாமியிடம் நான் சொன்னதையும் ஒளிக்காமல் சொன்னேன். ஏழுமலை தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அது தெரியாது சார். அந்தம்மாவுக்கும் தெரிஞ்சிருக்காது. தொரசாமி சாரு ஏன் கூப்புடலன்னு பொண்டாட்டியும் நானும் யோசிச்சிகினே இருந்தோம்."

"இன்னைக்கே போய் உள்ளதை உள்ளபடி சொல்லிடறேன்."

"சொல்லு. ஆனா அந்த தீக்குச்சி மேட்டர் மட்டும் வேணாம் சார். மட்டத்துக்கு அடியில குச்சி சொருவுனவன்னு தெரிஞ்சா எவன் ஊடு குடுப்பான்?"

நியாயம்தானே. சத்தியம் செய்துகொடுத்தேன்.

அன்று மாலையே துரைசாமி வீட்டுக்குப் போனேன். படங்களைப் பரப்பி, ஏழுமலை முதலில் கட்டிய சுவர் நேராக இருந்தது, கோணல் என் கேமராவில்தான், அந்த ஆள்மேல் ஒரு தப்பும் இல்லை என்றேன். துரைசாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தார். நல்ல மூளை அவருக்கு. நான் எதிர்பார்த்துப் பயந்த கேள்வி வந்தது.

"அப்படீங்களா... அப்ப இடிச்சுப்போட்டு உங்க கட்டத்துக்குத் தக்கனக் கட்டினாரே, அந்தச் சுவரு?"

குச்சியைச் சொல்லக் கூடாது. குச்சியைச் சொல்லாமல், சுவர் நேர் என்று சொல்லவும் வழியில்லை.

"சாய்ஞ்சுதான் இருக்கு துரைசாமி. நான்தான் சாய்க்க வச்சேன்" என்றேன்.

அடுத்த வாரமே ஏழுமலை அவர் மனையில் கயிறு பிடித்தார். வீடு அருமையாக வந்தது. அதைப் பார்த்து அந்தத் தெருவில் இன்னும் நாலு வீடு அவருக்கு வந்தது. மகளின் கல்யாணத்துக்கு நான்தான் போட்டோ. கேமராவோடு வந்த பழைய ஸ்க்ரீனைப் போட்டுக்கொண்டு போனேன்.

என் வீட்டுக்கு வந்த பெயர்தான் போகவில்லை. தபால்காரர் முதல் கேஸ்காரர் வரை எங்கள் தெருவில் வழி சொல்வது "சாஞ்ச ஊட்டுக்கு அந்தாண்ட" என்றுதான். வருகிறவர்கள் ஹாலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே கிழக்குச் சுவரைப் பார்ப்பார்கள். தலையைக் கொஞ்சம் சாய்ப்பார்கள். "ஆமா சார், நல்லாவே தெரியுது" என்பார்கள். அந்தச் சுவரில் சைக்கிளைச் சாய்த்து வைக்கக்கூட பயப்படுகிறவர்கள் உண்டு. பன்னிரண்டு வருஷமாக நான் எல்லாருக்கும் "ஆமாம், என் தப்புதான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஏழுமலை இப்போது காண்ட்ராக்டர். குமணன்சாவடியில் போர்டு மாட்டிய ஆபீஸ். இதை எழுதலாமா என்று இரண்டு நாள் முன்னால் போய்க் கேட்டேன். "எய்து சார். இப்பல்லாம் மட்டம் வெக்கிறது நான் இல்ல, என் ஆளுங்கதான்" என்றார். டீ வரவழைத்தார். இருவரும் குடித்தோம்.

அந்தச் சுவர் கோணல் என்று என் வாழ்க்கையில் இரண்டு பேரிடம் துணிந்து சொன்னேன். ஏழுமலையிடம் சொன்னபோது நான் நம்பியே சொன்னேன், அது பாவம். துரைசாமியிடம் சொன்னபோது பொய் என்று தெரிந்தே சொன்னேன்... இத்தனை வருஷத்தில் நான் ஒழுங்காகச் செய்த இன்ஸ்பெக்ஷன் அது ஒன்றுதான்.